மிஷின் வருவதற்குள்

மகனுக்கு,

முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். நான் மயங்கி விழவில்லை.

உன் அப்பாவின் கழுத்தில் ஊசி போட்ட அன்று நான் ஐ.சி.யூ.வில் மயங்கி விழுந்துவிட்டேன், அங்கே நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது என்று நம் உறவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காரியத்துக்கு வந்த உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எதையும் பாக்காம போனதும் ஒரு வகையில நல்லதுங்க சம்பந்தி" என்றார். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். நான் பார்த்தேன். முழங்கால் வலியால் நிற்க முடியாமல், திரைக்கு இந்தப் பக்கம் கிடந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, நன்றி சொன்னேன். மயங்கி விழுந்தவர்கள் நன்றி சொல்வதில்லை. திரையைப் பாதிதான் இழுத்துவிட்டிருந்தார்கள். உன் முதுகும், உன் வலது கையும், உன் அப்பாவின் கழுத்தும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. கண்ணாடி போட்டிருந்தேன்.

கௌரவத்துக்காக இதைத் திருத்துகிறேன் என்று நினைப்பாய். கொஞ்சம் அதற்காகவும்தான். ஆனால் முக்கியமான காரணம் ஜான்சி. உன்னோடு அதே ஆஸ்பத்திரியில் உனக்குக் கீழே மயக்க மருந்து டாக்டராக வேலை பார்க்கும் பெண். உன் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போய், "எங்கண்ணனுக்குக் கழுத்து வீங்குனது எப்படிங்க? யாரு போட்டது?" என்று சத்தம் போட்டதால் அவர்கள் ஒரு விசாரணை வைத்திருக்கிறார்கள். போட்டது தன் அண்ணன் மகன் என்று அவருக்குத் தெரியாது. ஃபைலில் இருப்பது ஒரே ஒரு பெயர், அது ஜான்சியின் பெயர். வரும் திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தவறு அவளுடையது என்று முடிவானால் வேலை போய்விடும். எழுத்தில் போட்டு அனுப்பினால் வேறு ஆஸ்பத்திரியும் எடுக்காது. நீ இந்த மாதக் கடைசியில் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறிவிடுவாய். அவள் இங்கேதான் இருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். நேரில் பேசலாம் என்று நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் "அப்புறம் பேசலாம்மா" என்றாய். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூட அழைத்துக்கொண்டு வந்தாய். தனியாக நீ வேலம்பாளையம் வீட்டுக்கு வந்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. இந்தக் கவரை நான் ஒட்டவில்லை. உன் மனைவி படிக்கலாம். உன் சித்தப்பாவும் படிக்கலாம். யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் அழவில்லை என்றும் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை, அதைத் திருத்த வேண்டியதில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஓர் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். எனக்கு அப்படித்தான் இருக்கிறது. உன் தொழிலே அதுதான், உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் எழுகிறேன், குளிக்கிறேன், புடவையை மடிப்பு கலையாமல் கட்டுகிறேன், நம் பனியன் யூனிட்டிலிருந்து வரும் பேப்பர்களில் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் மேனேஜர் புதுத் துணியின் சாம்பிள் கொண்டுவந்து, "எப்படீங்க இருக்குது?" என்று கேட்டார். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்லது, கெட்டது, மெல்லியது, கனமானது, எதுவும் தெரியவில்லை. "வெச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் போன பிறகு அதே துணியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். துக்கம் என்று சொல்ல முடியாது. ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

துணியைப் பற்றிச் சொன்னதால் ஒரு பழைய விஷயத்தை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். அருள்புரத்தில் நம் யூனிட் தொடங்கிய காலத்தில் நீ ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. அப்போதெல்லாம் நிட்டிங்கிலிருந்து வரும் துணி ரோல்களை உன் அப்பாதான் பாஸ் பண்ணுவார். ரோலின் ஓரத்தை இழுத்து, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பார். எடை சொல்வார், நூல் எந்த மில் என்று சொல்வார், முக்கால்வாசி நேரம் சரியாகவே இருக்கும். சரக்கு வாங்கும் பையர்களின் ஆட்கள் அதைப் பார்த்து அசந்து போவார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்த்தவள். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்கள் தையலைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்துக்குத்தான் மார்க் போடுவார்கள். எனக்கு அந்தப் புத்தி. துணியை வெளிச்சத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கும் மேசை ஒன்று வாங்க வேண்டும், கண்ணாடிக்குக் கீழே ட்யூப் லைட் எரியும், உள்ளே இருக்கும் குறை அப்படியே தெரியும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "துணி கையிலயே பேசும் அம்மணி. உனக்கு வெளிச்சம் வேணும்னா சாமி விளக்கு இருக்குதுல்ல" என்றார். "பேசட்டுங்க. பொய் பேசுச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று நான் கேட்டேன்.

அந்த வருடமே அது பொய் பேசியது. குழந்தைகளுக்கான வெள்ளை பனியன்கள். நிட்டிங் மிஷினில் ஒரே ஓர் ஊசியின் முனை தேய்ந்திருந்தது. தேய்ந்த ஊசி துணியின் நீளத்துக்கும் மயிரிழை போல ஒரு கோடு விட்டுக்கொண்டே போகும். கைக்கு அது தெரியாது. எந்தக் கைக்கும் தெரியாது. வெளிச்சத்தில் இழுத்துப் பிடித்தால்தான் தெரியும். உன் அப்பா அத்தனை ரோலையும் கட்டைவிரலால் பாஸ் பண்ணியிருந்தார். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு துவைப்புக்கு அந்தக் கோடு ஏணி மாதிரி கிழிந்தது, சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. பெட்டிகள் யூனிட்டில் இறங்கின. மறுநாள் அவரே போய் அந்த மேசைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். மேசை வந்ததும் நீ பள்ளிக்கூடத்துப் பையோடு ஓடிவந்து அந்தக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தாய். விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. "அம்மா, உள்ள ரத்தம் தெரியுது பாரு" என்றாய். எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஜான்சி வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த நாள். ஐ.சி.யூ.வில் உன் அப்பாவுக்கு மூன்றாவது நாள். காலை பதினொரு மணி இருக்கும். சிறுநீரில் தொடங்கிய கிருமி ரத்தத்தில் கலந்து, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் இருக்கும் பெரிய ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் போட வேண்டும், அதன் வழியாகத்தான் ரத்த அழுத்தத்தை ஏற்றும் கடுமையான மருந்தைத் தொடர்ந்து கொடுக்க முடியும் என்று நீயே எனக்கு விளக்கினாய். ஜான்சி அதற்கு முன்பே கீழே ஸ்கேன் அறைக்குப் போய், ரத்தக் குழாயைப் படமாகக் காட்டும் ஸ்கேன் மிஷினைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எடுத்துச் செல்லக்கூடிய மிஷின் ஒன்றே ஒன்று. அதையும் ஸ்கேன் அறையில் பூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஸ்கேன் டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துவிடக் கூடாது என்று வந்த சட்டத்துக்குப் பயந்து அப்படி ஒரு ஏற்பாடு. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதனால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்கேன் டாக்டர் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மேலே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"சார், மிஷின் வர இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லுதாங்க. அதுவரைக்கும் கை வெயின்லயே மருந்து ஓடட்டும், பிரஷர் நிக்குது" என்றாள் அவள். நீ தலையாட்டினாய். ஆம், நீ தலையாட்டினாய். காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தாய். இதை நான் திங்கட்கிழமையும் சொல்வேன்.

அப்போது நான் பேசினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து திரையைத் தள்ளிக்கொண்டு நின்று, "இருபது நிமிசமா? எதுக்குங்க அது? என்ற பையன் கண்ண மூடிட்டே போட்டுருவான்" என்றேன். ஜான்சி என் பக்கம் திரும்பி, "இல்லம்மா, அய்யா ரத்தம் உறையாம இருக்க பிளட் தின்னர் சாப்பிட்டுட்டு இருந்தவங்க, கழுத்தும் குட்டை. பார்த்துப் போடுதது சேஃப்" என்று பொறுமையாகச் சொன்னாள். நல்ல பெண், குரலை உயர்த்தவில்லை. அதற்கு நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "உங்கம்மா என்ற கிட்ட பதினாறு வருசம் வேலை பாத்தா. நான் ஒண்ண ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். நீ செத்த தள்ளி நில்லு கண்ணு." அவள் தள்ளி நின்றாள். நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், உன் அப்பாவைப் பார்த்தாய். "சரி விடு, தொட்டுப் பாத்தே போட்டுக்கலாம்" என்றாய். கையுறை மாட்டினாய்.

இடது கை விரல்களால் கழுத்தின் துடிப்பைத் தேடினாய். உன் அப்பா ரோலின் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பது போலவே இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை எழுதாமல் விடக் கூடாது. முதல் குத்து, வலது பக்கம். ஒன்றும் வரவில்லை. ஊசியைப் பாதி இழுத்து, திசையை மாற்றி மறுபடி செருகினாய். இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. சிவப்பு, ரொம்பச் சிவப்பு. சிரிஞ்சின் பிடியை அதுவே பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. அது வரக் கூடாத ரத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் கண்ணாடி டம்ளர் கையிலிருந்து விழுந்தால், அது தரையைத் தொடுவதற்குள் உன் முதுகு அப்படித்தான் விறைக்கும். நீ ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தினாய். அழுத்திக்கொண்டே இருந்தாய். ஜான்சி உன் பக்கத்தில் வந்து அவளும் கை கொடுத்தாள்.

மிஷின் வந்தது. லிஃப்டின் கதவு திறக்கும் சத்தமும், சக்கரங்கள் உருண்டு வரும் சத்தமும் கேட்டன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் கூட ஆகவில்லை, பதினெட்டு. நீ இன்னும் கழுத்தை அழுத்திப் பிடித்திருந்தாய். விரலுக்குக் கீழே கழுத்து உப்பிக்கொண்டு வந்தது. "நீ போடு" என்று அவளிடம் சொன்னாய். அவள் இடது பக்கம் மிஷினின் சின்னப் பிடியை வைத்து, திரையைப் பார்த்தபடி ஊசியைச் செருகினாள். ஒரே முறை. கறுப்பு ரத்தம் மெதுவாக வந்தது. அவ்வளவுதான் வேலை. அதன் பிறகு ஃபைலில் எழுத வேண்டியவளும் அவள்தான், ஏனென்றால் லைன் போட்டது அவள். இடது பக்கம் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாள். வலது பக்கத்தில் என்ன நடந்தது என்பதை நீ எழுத வேண்டும் என்று காத்திருந்திருக்கிறாள். நீ எழுதவில்லை. பிற்பகலில் வீக்கம் மூச்சுக்குழாயை நெருக்க ஆரம்பித்தது, வாயில் குழாய் வைத்தீர்கள், வென்டிலேட்டரில் போட்டீர்கள். மறுநாள், ஐ.சி.யூ.வில் நான்காம் நாள், அவர் போய்விட்டார்.

உன் கையால்தான் அவர் போனார் என்று நான் சொல்லவில்லை. கிருமியே போதும் அவரைக் கொண்டுபோக என்று நீ சொன்னால் மறுக்க எனக்குப் படிப்பு இல்லை. அப்படியும் இருக்கலாம். கிருமி எவ்வளவு, வீக்கம் எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த வீக்கம் ஜான்சி உண்டாக்கியது இல்லை. இதைப் பிரித்துச் சொல்ல முடியும். லைன் இடது பக்கம், வீக்கம் வலது பக்கம். வாழ்நாள் முழுவதும் துணியின் குறை எந்தப் பக்கம் என்று ஸ்டிக்கர் ஒட்டியவளுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாதா?

ஜான்சியின் அம்மா எஸ்தரை உனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புருஷனோடு வந்து, நம் செக்கிங் டேபிளில் நின்றவள். ஜான்சிக்கு மெடிக்கல் சீட் கிடைத்தபோது ஸ்வீட் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். வாங்கிக்கொண்டு, "நல்லாப் படிக்கட்டும்" என்று சொல்லி, பெட்டியைத் திறக்காமலே வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அந்த வருடம்தான் நீ மேற்படிப்புக்கான தேர்வில் முதல் முறை தவறினாய். காரணம் அதுதான், வேறொன்றும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை அதே எஸ்தர், ஆஸ்பத்திரி அனுப்பிய நோட்டீஸின் நகலை எடுத்துக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அம்மா, எங்க மவ இதுவரைக்கும் எங்கிட்ட கூட ஒண்ணும் சொல்லல. கேட்டா, 'அவங்க வீட்டுல சாவு, சும்மா இரும்மா'ங்கா. நீங்க அன்னைக்கு மயங்கிட்டீங்கன்னு இதுல போட்டிருக்கு. நெசமாம்மா?" என்றாள். நான் வாங்கிப் படித்தேன். நோயாளியின் மனைவி மயக்கமடைந்திருந்ததால் குடும்பத்தார் யாரும் பார்க்கவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே உன் விளக்கம் ஒரே ஒரு வரி. செயல்முறையின்போது உடனிருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். உடனிருந்தது நான். நீ செய்தாய்.

"நெசமில்ல எஸ்தர்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்போ பார்த்தீங்களா?" "பாத்தேன்." "பார்த்துட்டா இத்தன நாளு சும்மா இருந்தீங்க?" அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "ஆமா" என்றேன்.

அன்று மாலையே ஆட்டோ பிடித்து அருள்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் முறை. ஜான்சி வேலையிலிருந்து வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் வேறு எதையும் கேட்கவில்லை, "அந்த மிஷின்ல என்ன தெரியும் சொல்லு" என்றேன். ஒரு பழைய நோட்டில் இரண்டு வட்டம் போட்டாள். "இது வெயின்மா. இதுலதான் போடணும். மேல லேசா அமுக்குனா நசுங்கிரும். இது ஆர்டரி, இதுல குத்தக் கூடாது. அமுக்குனாலும் நசுங்காது, துடிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய இருந்து விரல வச்சுப் பார்த்தா ஆர்டரி துடிக்குறது மட்டுந்தான் தெரியும். அதுக்குப் பக்கத்துல வெயின் இருக்கும்னு ஒரு கணக்கு. நெறைய பேருக்கு அங்கதான் இருக்கும்." "அவருக்கு?" என்றேன். முதல் வட்டத்தை அடித்துவிட்டு, இரண்டாவது வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் போட்டாள். "அப்புறமா வலது பக்கமும் வச்சுப் பார்த்தேன். வெயின் ஆர்டரிக்கு நேர் மேல கெடந்துச்சும்மா. காஞ்சு போயி, ரொம்ப மெலிசா. சார் மட்டும் இல்ல, யாரு தொட்டுப் பார்த்துப் போட்டிருந்தாலும் தாண்டித்தான் போயிருக்கும்."

உன்னை விட்டுக்கொடுக்காமல்தான் பேசினாள், கவனி. அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கண்ணாடி மேசை மேல் நீ கையை வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. துணியின் கோடு எந்தக் கைக்கும் தெரியாது என்று உன் அப்பாவிடம் சண்டை போட்டு, வெளிச்சம் வாங்கி வைத்தவள் நான். முப்பது வருடம் அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், கையை நம்பாதே, வெளிச்சத்தில் போட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன். ஐந்து ரூபாய் பனியனுக்குச் சொன்னதை என் புருஷனின் கழுத்துக்கு மாற்றிச் சொன்னேன். வெளிச்சம் லிஃப்டில் மேலே வந்துகொண்டிருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எனக்கு டைஃபாய்டு வந்து, இரண்டு நர்ஸ்களுக்குக் கையில் நரம்பு கிடைக்காமல், நீ வந்து ஒரே குத்தில் போட்டாயே, அந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில், யூனிட்டில், பேங்க்கில், எங்கே போனாலும் சொன்னேன். உன் எதிரிலேயே சொன்னேன். "என்ற பையன் கை" என்று சொல்லிச் சொல்லி, அந்தக் கை தப்பு செய்ய முடியாது என்று நானும் நம்பினேன், உன்னையும் நம்ப வைத்தேன். என் எதிரில் மிஷினுக்காகக் காத்திருந்தால் உன் கைக்கு ஏதோ குறை என்று ஆகிவிடும். அதுவும் எஸ்தரின் மகள் சொல்லி நீ காத்திருப்பதா? இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிகூட வரவில்லை. கோயமுத்தூரில் உன் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீயே சொன்னாய், இப்போது போகப் போகிற நாட்டில் மிஷினில் பார்க்காமல் யாரும் கழுத்தில் ஊசி வைப்பதில்லை, அங்கே அதுதான் முறை என்று. அங்கே போய் நீயும் அப்படித்தான் செய்வாய். அங்கே இருப்பவர்களின் கழுத்துக்குக் கொடுக்கப் போகிற மரியாதை அன்று காலை உன் அப்பாவின் கழுத்துக்குக் கிடைக்காமல் போனதற்கு நான் காரணம். இனி யார் அவசரப்படுத்தினாலும், அது நோயாளியின் பெண்டாட்டியாக இருந்தாலும், டாக்டரைப் பெற்றவளாக இருந்தாலும், வெளியே போகச் சொல். நீ அன்று சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அதுதான். உனக்கு அது வராதபடி நான் உன்னை வளர்த்துவிட்டேன்.

இன்னொன்று. யூனிட்டில் தையல் ஊசி உடைந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும், லீவு நாட்களில் அந்த நோட்டில் நீயே ஒட்டியிருக்கிறாய். உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, எந்த மிஷின், யார் கையில், எத்தனை மணிக்கு என்று எழுதி, தைத்தவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்தச் சரக்குப் பெட்டி முழுவதும் அனுப்பாமல் நிற்கும், ஏனென்றால் அந்தத் துண்டு ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போயிருக்கும். ஊசி உடைத்ததற்காக நான் யாரையும் வேலையை விட்டு அனுப்பியது இல்லை. ஊசி என்றால் உடையத்தான் செய்யும். துண்டை மறைத்த ஒருத்தியை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அவள் எவ்வளவு கெஞ்சினாள் என்பதும் உனக்குத் தெரியும், நீ அவளுக்காக என்னிடம் பேசினாய். நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். எஸ்தர் என்னோடு வருகிறாள். நடந்ததை என் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், கீழே இருப்பது படிக்கும்படி ஒரே கோடாக. அதில் முதலில் வருவது நான் சொன்ன வார்த்தைகள். காத்திருக்க நீ தலையாட்டியது அதற்கு அடுத்த வரியில். உன் இரண்டு குத்துகள் அதற்குப் பிறகு. ஜான்சியின் ஒரு குத்து கடைசியில். இதனால் உன் பயணம் தள்ளிப் போகுமா, நின்றே போகுமா என்று எனக்குத் தெரியாது. உன் சித்தப்பாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். அதைச் செய்யும்போது எனக்கு ஏதாவது தோன்றுமா என்றும் தெரியவில்லை. தோன்றாவிட்டாலும் செய்வேன்.

ஆனால் வலது பக்கத்துக் கதையை என் கையெழுத்தில் மட்டும் அவர்கள் படிப்பதை நான் விரும்பவில்லை. நான் பார்த்தவள், அவ்வளவுதான். செய்தவனின் எழுத்து வேறு. நீ எனக்கு எழுது. போன் செய்யாதே, நான் எடுக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. வெள்ளைத் தாளில், உன் கையால், வலது பக்கம் எத்தனை முறை குத்தினாய், என்ன ரத்தம் வந்தது, மிஷின் வருவதற்குள் ஏன் தொடங்கினாய் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. என் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயரை எழுது, விட்டுவிடாதே. சனிக்கிழமைக்குள் என் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பு.

அம்மா